இரண்டு விரற்கடை

வீடு அவனுக்கு, கார் எனக்கு.
படகை விற்றுப் பாதிப் பாதி.
வக்கீலின் தாளில் ஏறாமல் ஒன்று மிஞ்சியது:
சமையலறை ஜன்னலுக்குக் கீழே
பதினோரு வருடம் பூத்த பியோனி.

செப்டம்பர் கடைசியில் ஆர்வோ அதைத் தோண்டி எடுத்தான்.
குழாய் நீரில் மண்ணைக் கழுவினான்.
ரொட்டி அறுக்கும் கத்தியை அழுத்தி
கிழங்கை இரண்டாக்கினான்.
வெட்டுவாய் பச்சைப்பால் நிறத்தில் இருந்தது.
"உனக்கு நாலு கண். எனக்கும் நாலு."
எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.
"இரண்டு விரற்கடைக்கு மேல் புதைக்காதே."
அவன் சொன்ன எதையும் கேட்பதில்லை
என்றிருந்த வருடம் அது.

வில்யாண்டியில் வாடகை வீட்டின் வடக்குச் சுவரோரம்
ஒரு சாண் ஆழத்தில் வைத்தேன்.
மேலே வைக்கோல்,
அதற்கு மேல் ஊசியிலைக் கிளை,
அதற்கும் மேல் என் பழைய கம்பளிக் கோட்டு.
பிள்ளை பெற்றவளைப் பார்ப்பதுபோல்
காற்றுப் படாமல் பார்த்துக்கொண்டேன்.
"வெந்நீர்ப் பை ஒன்றும் வைத்துவிடேன்"
என்றாள் மாடிவீட்டு ஸால்மே.

மூன்று ஜூன் போனது.
இலை வந்தது, பளபளவென்று, வஞ்சனையில்லாமல்.
மொட்டில்லை.

நான்காம் ஜூனில் ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
அவன் வேலைக்குப் போயிருந்தான்.
படகு நின்ற இடத்தில் காஞ்சொறி மண்டியிருந்தது.
அதற்கு அந்தப் பக்கம்,
ஏரிக்காற்று நேரே வந்து அறையும் வெட்டவெளியில்,
அவன் பங்கு
பூவின் கனம் தாளாமல் சாய்ந்து கிடந்தது.
எந்தக் குளிர்காலத்திலும் யாரும் அதற்கு
ஒரு துரும்பு போட்டதாகத் தெரியவில்லை.
எண்ணாமல் வந்திருக்கலாம்.
பதினேழு.

அடுத்த ஞாயிறு முழுக்கக் கரண்டிகளோடு உட்கார்ந்தேன்.
மணிக்கொரு முறை பார்ப்பது,
செடிமேல் வெயில் விழுந்தால்
மண்ணில் ஒரு கரண்டி குத்துவது.
இங்கே ஜூனில் பதினெட்டு மணி நேரம் பகல்.
ராத்திரி பத்துக்கும் வாசலில் பேப்பர் படிக்கலாம்.
அவ்வளவு வெயிலில் என் செடிக்கு வந்தது
மூன்று கரண்டி.
பாலில் எத்தனை பங்கு தண்ணீர் என்று
அளந்து சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது.

செப்டம்பரில் தோண்டினேன்.
கண்கள் இருந்தன.
சுண்டுவிரல் நகம் அளவில், சிவந்து,
நான் தூங்கவே விடாத கண்கள்.
அடங்காதவர்களைக்
குளிர்விட்டுப் போச்சு என்பார்கள்.
இது பாவம், அடங்கித்தான் இருந்தது.
குளிர்தான் விட்டுப் போயிருந்தது.

தெருவோரம், தபால் பெட்டிக்குப் பக்கத்தில்,
தெற்குப் பார்த்து நட்டேன்.
விரலை மடக்கிப் படுக்க வைத்து அளந்தேன்.
ஒன்று. இரண்டு.
போர்த்தவில்லை.

ஜனவரியில் ஒரு ராத்திரி மைனஸ் இருபத்துநாலு.
கோட்டை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனேன்.
மஞ்சள் விளக்குச் சுழலப் பனி தள்ளும் வண்டி வந்தது.
தெருவின் பனியையெல்லாம் ஒதுக்கி
அதன் தலையில் கொட்டிவிட்டுப் போனது.
கோட்டை நானே போட்டுக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.

அந்த ஜூனில் வெறும் இலை.
இடம் மாற்றிய கோபமாக இருக்கும்.
இந்த ஜூனில்
கோலிக்குண்டு அளவில் ஒரே ஒரு மொட்டு,
அதன் மேல் ஏழெட்டு எறும்பு.
இன்னும் திறக்கவில்லை.

நேற்று ஆர்வோ போன் செய்தான்.
அவனுடையது பெருத்துவிட்டதாம்.
பிரித்து வைக்க வேண்டுமாம்.
எவ்வளவு ஆழம் என்பது மறந்துவிட்டதாம்.

"இரண்டு விரற்கடை."

"உன் விரலா ஹெல்வே, என் விரலா?"

ஓர் எறும்பு மொட்டின் உச்சிவரை போய்
என்னவோ யோசித்துத் திரும்பியது.

"செப்டம்பருக்கு நாள் இருக்கிறது" என்றேன்.